என் வீட்டில் நான் விருந்தினர் அல்ல

கண்ணு,

இந்தக் கடிதத்தோடு வரும் அட்டைப்பெட்டியைத் திறப்பதற்கு முன் கடிதத்தைப் படித்துவிடு. பெட்டியில் என்ன இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் நீ மாட்டிய கேமரா, அதன் வயர், சார்ஜர், நான்கு திருகாணிகள். திருகாணிகளைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். எதையும் உடைக்கவில்லை. கோபத்தில் கழற்றவும் இல்லை. போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பகல் வெளிச்சத்தில், ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கை நடுங்கியது. எனக்கு எதற்குத்தான் கை நடுங்காது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் கழற்றினேன்.

அன்று மதியமே நீ போன் செய்தாய். படம் வரவில்லை என்று உன் செல்போன் சொல்லியிருக்கும். நான் நடந்ததைச் சொன்னதும் கத்தினாய். "அடுத்த மாசம் நான் வாரேன். ஒண்ணு, கேமராவை மறுபடி மாட்டுவேன், படுக்கிற ரூமுக்கும் சேத்து ரெண்டு. இல்லைன்னா ஊட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டு உங்களை பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். ரெண்டுல எது, சொல்லுங்கப்பா" என்றாய். நான் வழக்கம்போல, "யோசிச்சுச் சொல்றேன் சாமி" என்று போனை வைத்துவிட்டேன். உன் அம்மா இருந்திருந்தால், "உங்கப்பா யோசிக்கிறதுக்குள்ள பொழுது போயிரும்" என்று சிரித்திருப்பாள். எட்டு நாள் யோசித்தேன். பதில், இரண்டும் இல்லை. கேமராவும் வேண்டாம், நான் வீட்டை விட்டு வரவும் மாட்டேன். உன் முகத்துக்கு நேராக இதைச் சொல்லும் தைரியம் இல்லாததால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நான் கொஞ்சம் உயரமான ஆள்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. உன் அம்மா காலமான மறு வருடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியாமல் இரண்டு மணி நேரம் கிடந்தேன். ரேஷன் அரிசியோடு அந்த வழியாகப் போன செல்லம்மாதான் பார்த்துத் தூக்கி உட்காரவைத்தாள். எதிர்ச்சரிவில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே தனியாக இருக்கிறாளே, அதே செல்லம்மாதான். செய்தி கேட்டு நீ ராவோடு ராவாக மலைப்பாதையின் எழுபது வளைவையும் ஏறி வந்து சேர்ந்தாய். உன் கண் சிவந்திருந்தது. இரண்டு நாளில் கம்பியிழுத்து இன்டர்நெட் வந்தது, சுவரில் கேமரா வந்தது. கிளம்பும்போது என் செல்போனை வாங்கி ஏதேதோ செய்துவிட்டு என்னிடம் நீட்டினாய். நாமக்கல் பஸ் வர பத்து நிமிடம் இருந்தது.

"அப்பா, கீழ 'ஒப்புக்கொள்கிறேன்'னு இருக்குதுல்ல, அதை அமுத்துங்க."

"என்னன்னு படிக்கலையே கண்ணு."

"அதை உலகத்துல யாருமே படிக்க மாட்டாங்கப்பா. நான் இதே தொழில்லதான் இருக்கறேன். அமுத்துங்க."

அமுக்கினேன். முப்பத்துநான்கு வருடம் வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தவன், படிக்காத தாளில் ஒரு சுருக்கொப்பம்கூட வைத்ததில்லை. மேலதிகாரி மேசையைத் தட்டினாலும், "ஒரு நிமிஷம் சார், ஒரு தடவை பாத்துடறேன்" என்று இழுப்பேன். கோழை என்று பெயர் எடுத்திருக்கிறேன், அவசரக்காரன் என்று எடுத்ததில்லை. உன் முன்னால் ஒன்றும் தெரியாத கிழவனாகத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். உன் பஸ் போய்விடுமே என்றும் நினைத்தேன். இந்த இரண்டு காரணத்துக்காக ஒரு கம்பெனிக்கு என் கூடத்தை எழுதிக்கொடுத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் சில வாரம் அது எனக்குப் பிடித்திருந்தது. காலையில் அதன் முன்னால் நின்று "எந்திரிச்சிட்டேன் சாமி" என்பேன். நீ பார்க்கிறாய் என்று தினமும் சவரம் செய்துகொண்டேன். தட்டில் இரண்டாவது இட்லியை நீ பார்க்கும்படி வைத்துச் சாப்பிட்டேன். அது உன் கண் என்றே நினைத்திருந்தேன். உன் கண்ணுக்கும் என் சுவருக்கும் நடுவில் இன்னொருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது எனக்கு உறைக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு நான் செய்யும் வேலை உனக்குத் தெரியும். இந்த மலையில் திருப்புலி நாடு, திண்ணனூர் நாடு என்று சொல்லும் ஊர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மனு எழுத என்னிடம் வருகிறார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவி, எல்லைத் தகராறு என்று எத்தனையோ. அவர்கள் சொல்லச் சொல்ல வரைவு எழுதுவேன். மூன்று முறை உரக்கப் படித்துக்காட்டுவேன். அவர்கள் "ஆமாங்க" என்று சொன்ன பிறகுதான் சுத்தப் பிரதி. கடைசியில், அடித்துத் திருத்திய அந்த வரைவை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். "இந்தத் தாளு உங்களுதுங்க. அடுப்புல போட்டாலும் சரி, பெட்டியில வெச்சாலும் சரி" என்பேன். என்னிடம் நகல் இருக்காது. "ஒரு பிரதி வெச்சுக்கலாமேப்பா, பின்னால உதவும்" என்று நீ ஒருமுறை கேட்டாய். நான் பேச்சை மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்பதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

வேலையில் சேர்ந்த புதிது. மலையடிவாரத்தில் ஓர் அலுவலகம். மலையிலிருந்து ஒருவர் இறங்கிவந்து, தன் நிலத்தில் ஒரு காண்ட்ராக்டர் வழி போட்டுவிட்டார் என்று மனு கொடுத்தார். பெயர் வெளியே போக வேண்டாம் என்று என்னிடம் மட்டும் கேட்டுக்கொண்டார். நான் தலையாட்டினேன். மூன்றாம் நாள் அந்தக் காண்ட்ராக்டர் என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். மிரட்டவில்லை. "நம்ம மேல யாரோ மனு குடுத்திருக்காப்பல" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை கண்ணு. மேசைமேல் அந்த மனு இருந்த கோப்பை இரண்டு விரலால் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன். அவ்வளவுதான். அடுத்த வாரம் மலையிலிருந்து வந்தவர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். போகும்போது என்னைத் திட்டவில்லை. ஒருமுறை பார்த்தார். அன்றிலிருந்து யாருடைய தாளையும் என் கையில் மிச்சம் வைப்பதில்லை. என்னிடம் இருந்தால் நான் பயந்து கொடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இப்போது செல்லம்மாவுக்கு வருகிறேன். அவள் புருஷனின் அண்ணன், அவள் பங்கு மிளகுத் தோட்டத்தையும் சேர்த்துத் தங்கும் விடுதி கட்டும் ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப் பார்க்கிறார். மனு கலெக்டர் கைக்குப் போகும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்று, போன மாதம் ஒரு காலையில் வந்து உட்கார்ந்தாள். எல்லாம் சொன்னாள். அவள் புருஷன் சாவதற்கு முன் குடித்துவிட்டு ஏதோ ஒரு தாளில் கைநாட்டு வைத்திருக்கிறார், அது என்ன தாள் என்று அவளுக்கே தெரியாது. "இதை நான் என்ற தம்பிகிட்டக்கூடச் சொல்லலீங்க சார்" என்றாள். நான் வரைவு எழுதினேன். மூன்று முறை உரக்கப் படித்தேன். காது சரியாகக் கேட்காது அவளுக்கு, அதனால் இன்னும் உரக்க. பிறகு வெகு கவனமாக அந்த வரைவை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்து, "நகல் ஏதும் என்கிட்ட இல்லம்மா" என்றேன். எங்கள் இருவர் தலைக்கும் மேலே கேமராவின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் நீ உற்சாகமாகப் போன் செய்தாய். "அப்பா, ஒரு வேடிக்கை கேளுங்க. இப்ப அது படம் மட்டும் அனுப்பறதில்ல, பேசினதையே சுருக்கி எழுதி அனுப்புது. 'ஒரு பெண் வந்தார், நிலத் தகராறு பற்றிப் பேசினார், கணவர் குடித்துவிட்டுக் கைநாட்டு வைத்ததாகச் சொன்னார்'னு வந்துச்சு. நம்ம தமிழே அதுக்குப் புரியுதுப்பா! அது யாரு, செல்லம்மாக்காவா?" என்றாய். "ஆமாமா" என்று ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில், என் வீட்டிலேயே, மறுபடியும் கோப்பைத் திருப்பி வைத்திருக்கிறேன். இந்த முறை இரண்டு விரல்கூட இல்லை. ஒரே விரல்.

நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். செம்மேட்டுக் கடைத்தெருவில் ரபீக்கின் ஜெராக்ஸ் கடைக்குப் போய், அன்று நான் ஒப்புக்கொண்டது என்ன என்பதை முழுவதும் அச்செடுத்துக் கேட்டேன். முப்பத்தெட்டுப் பக்கம். மெஷின் சூடாகிவிட்டது.

"ஏனுங்க சார், எந்த நிலத்துப் பத்திரமுங்க இது, இம்புட்டு நீளம்?" என்றார் ரபீக்.

"என் வீட்டுப் பத்திரம் தம்பி."

"அட, வித்துப்போட்டீங்களா?"

"அதைத்தான் படிச்சுப் பாக்கணும்."

சிவப்புப் பென்சிலோடு மூன்று நாள் படித்தேன். எத்தனையோ அரசாணைகளைப் படித்தவன் நான், இதில் வழி தவறினேன். ஒரு பத்தி தருகிறேன் என்கிறது, ஐந்து பக்கம் தள்ளி இன்னொரு பத்தி அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பதிவானதைச் 'சேவையை மேம்படுத்த' வைத்துக்கொள்வார்களாம். 'நம்பகமான கூட்டாளிகளோடு' பகிர்ந்துகொள்வார்களாம். அந்தக் கூட்டாளிகள் யார் என்று எங்கும் பெயர் இல்லை. விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்களாம், மாற்றிய பிறகும் நான் அதைப் பயன்படுத்தினால் அதற்கும் சம்மதம் என்று பொருளாம். அதாவது சும்மா இருந்தாலே கையெழுத்து. ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்ல ஒரு பொத்தானும் இல்லை. அப்படிச் சொன்னால் அந்தச் சாமான் வெறும் பிளாஸ்டிக். நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று இரண்டாம் முறை படித்தேன். மோசமாகத்தான் இருந்தது.

செல்லம்மா பேசிய பகுதியை அழிக்கலாம் என்று என் செல்போனில் தேடினேன். முடியவில்லை. நீ உரிமையாளர். என் பெயருக்கு எதிரில் 'விருந்தினர்' என்று போட்டிருந்தது. நானும் உன் அம்மாவும் கல் சுமந்து கட்டிய வீட்டில் நான் விருந்தினர். விருந்தினர் பார்க்கலாம், அழிக்க முடியாது. சரி என்று கேமரா கம்பெனிக்கே மனு எழுதினேன். பெறுநர் என்று போட்டுவிட்டு மேலே எழுத ஆள் பெயர் இல்லை, முகவரி இல்லை. ஒரு சின்னக் கட்டம்தான் இருந்தது, அதற்குள் நான்கு வரி. பன்னிரண்டு கேள்விகளை நான்கு வரிக்குச் சுருக்கி அனுப்பினேன். மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்று போட்டால் யாராவது வருத்தப்படுவார்களே என்று மூன்று போட்டேன். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் மனுவைத் தள்ளுபடி செய்தாலும் காரணம் எழுதிக் கீழே ஒரு மனிதர் கையெழுத்துப் போடுவார். அவர் வீட்டுக்கு முன்னால் போய் நின்று சண்டையாவது போடலாம். இங்கே யார் வீட்டுக்கு முன்னால் போய் நிற்பது?

பிறகு செல்லம்மாவிடம் போனேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். கையில் அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தையும் கொண்டுபோனேன், ஏன் என்று தெரியவில்லை. அவள் களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் பேசியதை ஒரு மெஷின் கேட்டு எழுதிவிட்டது, அது எங்கோ ஒரு கேமரா கம்பெனியிடம் இருக்கிறது, இதனால் அவளுக்குக் கெடுதல் வருமா வராதா என்றுகூட எனக்குத் தெரியாது, நான் ஒரு தாளைப் படிக்காமல் சம்மதம் கொடுத்துவிட்டேன் என்றேன். அவள் மிளகைக் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"எங்கூட்டுக்காரரு குடிச்சுப்போட்டு வெச்சாரு" என்றாள். "நீங்க என்னத்தைக் குடிச்சீங்க சார்?"

கையிலிருந்த தாள்களை அடுக்கிச் சரிசெய்தேன்.

"போங்க. அது அங்க இருக்கற வரைக்கும் உங்க ஊட்டுக்கு நான் வரமாட்டேனுங்க. இங்க நாலு பேருகிட்டயும் சொல்லத்தான் போறேன். கோவிச்சுக்கறதுன்னா கோவிச்சுக்கோங்க."

சொன்னபடியே சொன்னாள். மூன்று வாரம் என் கூடத்துக்கு ஒருவரும் வரவில்லை. பாதையில் பார்த்தால் கும்பிடுவார்கள், போய்விடுவார்கள். சுவரில் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே ஒன்று இருந்தது. நான் பத்திரமாக இருந்தேன், அதில் சந்தேகமே இல்லை. விழுந்தால் உனக்குத் தெரிந்துவிடும். ஆனால் தூக்கிவிடக் கூடியவர்கள் அத்தனை பேரையும் அந்தக் கேமரா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. நீ வந்து சேர எட்டு மணி நேரம் ஆகும் சாமி. செல்லம்மா வர எட்டு நிமிடம்.

"ஒளிக்க ஒண்ணுமில்லைன்னா எதுக்குப்பா பயம்?" என்று அன்று போனில் கேட்டாய். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. என் சவரமும் என் இட்லியும் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். செல்லம்மா சொன்னது என்னுடையது இல்லையே, அதைக் கொடுக்க நான் யார்? கம்பெனி என்னிடம் சம்மதம் கேட்டது. அவளிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அதற்குத் தோன்றவும் இல்லை. இந்தச் சாமான்களால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. போன் இல்லையென்றால் உன் குரலைத் தினமும் கேட்டிருக்க முடியாது. ஆனால் ஒரு சாமானை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அது இன்னொருவருக்கே வேலை செய்துகொண்டிருந்தால், அதற்குப் பெயர் சாமான் இல்லை. அது ஆள். சம்பளம் வாங்காத, கேள்வி கேட்டால் பதில் சொல்லாத ஆள். அப்படி ஓர் ஆளை என் கூடத்தில் நிறுத்த எனக்குச் சம்மதமில்லை. இந்தச் 'சம்மதமில்லை' என்ற பொத்தானை அவர்கள் வைக்கவில்லை. நான் இங்கே எழுதிவைக்கிறேன்.

வியாழக்கிழமை கழற்றப்போகிறேன் என்று சொல்லியனுப்பினேன். செல்லம்மா வந்து நின்றாள். உதவ வந்தாளா, நிஜமாகக் கழற்றுகிறேனா என்று பார்க்க வந்தாளா தெரியாது. ஸ்டூல் ஆடியதும் பிடித்துக்கொண்டாள். "உழுந்து கிழுந்து வெக்காதீங்க சார், அப்பறம் உங்க பையன் எனக்கு ஒரு கேமரா வெச்சிருவாப்பல" என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு இந்த வீட்டில் ஒருவர் சிரித்தது அன்றுதான். நீ என் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பாய் என்பதால் அவளிடமே பேசினேன். நான் காலையில் எழுந்ததும் வெள்ளைத் துண்டை வாசல் கொடிக்கயிற்றில் போடுவேன். எதிர்ச்சரிவிலிருந்து பார்த்தால் தெரியும். ஏழு மணிக்குள் துண்டு இல்லையென்றால் அவள் வருவாள்.

"செரிங்க, துண்டு இல்லைன்னா நான் வாரேன். என்ற ஊட்டுல புகை வரலைன்னா?" என்றாள்.

"நான் வருவேன்மா."

"அந்த மேட்டுல ஏறிருவீங்களா?"

"நின்னு நின்னு ஏறுவேன்."

இதுவும் பார்ப்பதுதான். ஆனால் அவள் என்னைப் பார்த்தால் நானும் அவளைப் பார்க்கிறேன். இதுபோக, தொட்டியைச் சுற்றிப் பாசியைச் சுரண்டிப் பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய் பதித்தாயிற்று. புதிதாக வாங்கிய பட்டன் போன் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். இத்தனைக்கும் பிறகு ஒருநாள் நான் விழுந்து கிடக்கலாம், யாரும் பார்ப்பதற்குள் போயும் சேரலாம். அது நடந்தால் உன் குற்றம் இல்லை. அதை நான் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறேன். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டு.

உன்னிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். செல்லம்மா பேசிய பகுதியை நீதான் அழிக்க முடியும், நீதானே உரிமையாளர். அழி. முழுவதும் அழிந்ததா என்று கம்பெனியிடம் கேட்டு, என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு எழுத்தில் அனுப்பு. அவள் மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அந்தப் பதிலை நான் போய் அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும், உரக்க. இரண்டாவது, உன் வேலையில் நீயும் இப்படி ஒரு பொத்தானை என்றாவது ஒருநாள் வடிவமைப்பாய். அதை அமுக்கப்போகிறவரைப் பற்றி யோசிப்பாய், நீ நல்ல பையன். அவரோடு அந்த அறையில் இன்னும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் அன்று கேள். உன் மேலதிகாரி மேசையைத் தட்டுவார். கை நடுங்கும். நடுங்கட்டும், அதற்காகக் கோப்பைத் திருப்பி வைத்துவிடாதே.

அடுத்த மாதம் வா. மகனாக வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. பூட்டோடு வந்தால் நான் வாசலில் உட்கார்ந்துகொள்வேன். என்னால் முடிந்த சண்டை அவ்வளவுதான், ஆனால் எழுந்திருக்க மாட்டேன்.

வழக்கம்போல இந்தக் கடிதத்துக்கும் முதலில் வரைவு எழுதினேன். சுத்தப் பிரதி எடுக்கும்போது, நீ வருத்தப்படுவாயே என்று பயந்து மூன்று இடங்களில் மாற்றிவிட்டேன். வரைவில் அந்த வரிகள் அடிக்காமல் அப்படியே இருக்கின்றன. அது உனக்குச் சொந்தமான தாள் என்பதால் கேமராவுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன். என்னிடம் நகல் இல்லை.

இனி பெட்டியைத் திறக்கலாம்.

அப்பா